வேலிப் பொட்டை வரைபடத்தில் ஏற்றியவர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, விட்பியிலிருந்து ரொறன்ரோ நகர மையத்துக்குப் போகும் ரயிலில் இருந்தேன். ஒரு கையில் கோப்பி, மறு கையில் போன். தவமணி அக்காவின் கணவர் யோகராசா அண்ணையின் பெயர் திரையில் வந்தது. வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் யாரையும் அழைப்பவர் அல்லர்.

"தம்பி ரூபன், அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. விடியக்காலமை, நித்திரையிலேயே..." என்றார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். ஞாயிற்றுக்கிழமைகூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "சுரங்கப் பாதையில கைபிடி என்ன உயரத்துல வைக்கிறாங்க? சின்னப் பிள்ளையளுக்கு எட்டுமா?" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அளவைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று நான் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். பதில் போகமுன் ஆள் போய்விட்டார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் கைப்பையிலிருந்து ரிஷூத் தாள் எடுத்து நீட்டியபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

திருமதி தவமணி யோகராசா அவர்களைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மீதிப் பேரை அவருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்காகவும் எழுதுகிறேன். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மட்டக்களப்பில் பிறந்தவர். கட்டையான உருவம், தடித்த கண்ணாடி, சேலைக்கு மேலே பெரிய குளிர்க் கோட்டு, காலில் ஓட்டக்காரர் போடுகிற சப்பாத்து. அந்தச் சப்பாத்தோடு அவர் நடக்கும் வேகத்துக்கு நாங்கள் ஓட வேண்டும். அகதியாக வந்து, கேக் தொழிற்சாலையில் பெட்டி கட்டி, அந்த வேலைக்கு நடுவிலேயே படித்து, கடைசியில் எங்கள் திட்ட அலுவலகத்துக்குப் பொதுமக்கள் தொடர்பு அலுவலராக வந்து சேர்ந்தார்.

எங்கள் திட்டம் என்னவென்று சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் தொடங்கி, ஸ்காபரோவுக்குள்ளால் கிழக்கே போய், மொன்றியலைத் தொட்டு, எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் நுழையப்போகும் விரைவு ரயில் பாதை. இரண்டு நாடு, எத்தனையோ நகரசபைகள், நூறு விதமான அதிகாரிகள். நான் வரைபடக்காரன். எங்கே தண்டவாளம், எங்கே மதில், எங்கே நிலையம் என்று கோடு போடுவது என் வேலை. கோடு போகும் வழியில் இருக்கிற சனத்தைக் கேட்டு, அவர்கள் சொல்வதைத் திட்டக்குழுவிடம் கொண்டுவருவது அவருடைய வேலை. மக்களைக் கேட்காமல் திட்டத்தை முடிக்கக்கூடாது என்பது விதி. கேட்பது என்றால் என்ன என்பதில்தான் அவருக்கும் எங்களுக்கும் சண்டை.

வேலைக்கு வந்த முதல் நாளே என் மேசைக்கு வந்து நின்றார். பத்து நிமிடம் என் வரைபடத்தை உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இரிக்கு மனே. ஆக்கள் எங்க?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "அக்கா, உது ரெயில்வே பிளான். கலியாண அல்பம் இல்லை," என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சரி, நான் மறுகா வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். மட்டக்களப்பார் மகனே என்பதை மனே என்பார்கள், பிறகு என்பதற்கு மறுகா என்பார்கள். அன்றிலிருந்து நான் அவரை மறுகா அக்கா என்று பகிடி பண்ணத் தொடங்கினேன். அவர் கோபித்ததில்லை. ஆனால் சொன்னபடி மறுகா வந்தார், ஒவ்வொரு நாளும் வந்தார், ஒவ்வொரு நாளும் அதே கேள்வியைக் கேட்டார். கண்ணுக்குள் விரலை விட்டு ஆட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் வருமுன் எங்கள் அலுவலகம் தமிழ்ச் சனத்தோடு பேசிய அழகே தனி. கூட்டத்துக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் தமிழில் போயிருந்தது. யாரோ ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் செய்து கொடுத்தது. "பங்குதாரர் கலந்தாலோசனை அமர்வு" என்று தலைப்பு. ஓர் ஐயா அலுவலகத்துக்குப் போன் எடுத்து, "பிள்ளை, நாங்கள் உங்களிட்ட ஒரு பங்கும் வாங்கேல்லையே, பிறகேன் எங்களைக் கூப்பிடுறியள்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே எழுதினார். "உங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மிக வேகமாக ஓடும் ரயில் வரப்போகிறது. அது வந்தால் உங்களுக்கு என்ன மாறும்? வந்து சொல்லுங்கள். தேநீர் உண்டு." அவ்வளவுதான். கூட்டத்துக்குச் சனம் வந்தது.

வந்தது என்றால் நிரம்பி வழிந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் கட்டாயம் எழுத வேண்டும். ஏனென்றால் அங்கேதான் நான் என் முட்டாள்தனத்தை முதல்முறை நேருக்கு நேர் பார்த்தேன்.

ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபம். எங்கள் ஆலோசனை நிறுவனத்துக்காரர் புதுமையாக ஒரு யோசனை கொண்டுவந்திருந்தார்கள். வரைபடத்தை மண்டபத்தின் பாதி அளவுக்குத் தடித்த கடதாசியில் அச்சடித்துத் தரையில் விரித்திருந்தோம். மக்கள் அதன்மேல் நடந்து, தங்கள் வீடு இருக்கும் இடத்தில் போய் நின்று பேச வேண்டும். வேறு இடங்களில் அது அமோகமாக நடந்ததாம். பிள்ளைகள் ஓடி விளையாடினார்களாம்.

எங்கள் சனம் உள்ளே வந்தது. வாசலிலேயே, யாரும் கேட்காமல், சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்தது. பிறகு சுவரோரம் போய் நின்றது. ஒருவர்கூடக் கடதாசியில் கால் வைக்கவில்லை. "தயவுசெய்து வாருங்கள்" என்று ஆலோசனை நிறுவனப் பெண் ஆங்கிலத்தில் கெஞ்சினாள். எல்லாரும் சிரித்துத் தலையாட்டினார்கள். ஓர் அடிகூட நகரவில்லை. தன் பிள்ளை ஓடிப்போய் ஒரு மூலையை மிதித்தபோது, ஒரு தாய் அவனை வெடுக்கென்று இழுத்து எடுத்தாள்.

நான் குறிப்புப் புத்தகத்தில், "பங்கேற்பாளர்களிடம் ஆர்வம் குறைவு" என்று எழுதினேன். அக்கா தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டார்.

"மனே, சின்ன வயசுல பள்ளிக்கூடக் கொப்பியை மிதிச்சிட்டா நீ என்ன செய்வாய்?"

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். வேறென்ன செய்வோம்? எழுத்து உள்ள தாளைக் காலால் தொடாத சனத்தின் முன்னால், எழுத்து நிறைந்த தாளை விரித்து, மிதியுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், அன்று பின்னேரம் முழுக்க நானும் அந்தப் படத்தைச் சுற்றித்தான் நடந்திருந்தேன். ஒருமுறைகூட அதன்மேல் கால் வைக்கவில்லை. எனக்கே தெரியாது.

அக்கா பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டு மேசைகளை இழுத்துச் சேர்த்து வைக்கச் சொன்னார். "எல்லாரும் ஒரு கரையில பிடிங்க" என்றார். நாற்பது ஐம்பது கைகள் படத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தன. அடுத்த நிமிடம் மண்டபம் இரைந்தது. "இஞ்சை பார், எங்கட பில்டிங்!" "உது கோயிலடி, உதுக்குப் பின்னால மரக்கறிக் கடை!" பிறகு அவர் பையிலிருந்து கம்பளி நூல் உருண்டைகளை எடுத்தார். ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்து, வீட்டிலிருந்து தினமும் எங்கே போவீர்களோ அதுவரை நூலை வையுங்கள் என்றார்.

முதலில் வைத்தவர் ராணி அன்ரி. தண்டவாளத்தை ஒட்டிய இரண்டு உயரக் கட்டடங்களில் முதலாவதில் இருப்பவர். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மருத்துவ நிலையத்துக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொள்கிறவர். சிவப்பு நூலைத் தன் கட்டடத்தில் வைத்து நேரே தண்டவாளம்வரை கொண்டுவந்தார். அங்கே நின்றார். கூட்டத்துக்கு வந்திருந்த எங்கள் திட்ட இயக்குநரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நூலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, பெரிய வீதியைச் சுற்றி, தூரத்துப் பாலத்தால் வளைத்துக் கொண்டுபோய் வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே வைத்தார்கள். எல்லா நூலும் பாலத்தால் போனது. இயக்குநருக்கு மகிழ்ச்சி. தண்டவாளத்தின் இரு பக்கமும் தொடர்மதில் கட்டலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றார்.

அக்கா அந்தச் சிவப்பு நூல் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என்னை அங்கே வரச்சொன்னார். கட்டடங்களுக்குப் பின்னால், பற்றைகளுக்கு நடுவில், ரயில் கம்பெனியின் கம்பி வேலியில் ஒரு பொட்டு இருந்தது. வேலியில் ஆள் நுழைந்து போகும் இடைவெளியை யாழ்ப்பாணத்தார் பொட்டு என்பார்கள். கனடாவுக்கு வந்தும் அந்தப் பெயர் மாறவில்லை. புத்தகப்பையோடு பிள்ளைகள், முதியோர் இல்லத்து வேலைச் சீருடையோடு பெண்கள், குழந்தைத் தள்ளுவண்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த ஓர் இளந்தாய் என்று வரிசையாக அதற்குள் நுழைந்து, குனிந்து, தண்டவாளத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் அந்தப் பக்கத்தில். பொட்டால் போனால் ஏழு நிமிடம். பாலத்தால் சுற்றினால் முக்கால் மணி நேரம், அதுவும் கால் நல்லாக இருப்பவர்களுக்கு.

ராணி அன்ரியும் வந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"பிள்ளை, எங்களைப் பிடிச்சுக் குடுத்துப்போடாதையுங்கோ."

"நான் ஏன் அன்ரி குடுக்கிறன்? இதை நீங்க எழுதித் தந்தாத்தான் இந்த இடத்துல ஒரு வழி கேக்கலாம். பேரும் விலாசமும் போட்டு," என்றார் அக்கா.

"பேரோ?" ராணி அன்ரி இரண்டு அடி பின்னால் போனார். "ஊரில சண்டை நேரம் என்ர தம்பியின்ர பேரும் ஒருக்கா ஒரு லிஸ்ற்றில இருந்தது. அதுக்குப் பிறகு அவனை நாங்கள் காணேல்லை. பேர் மட்டும் கேளாதையுங்கோ பிள்ளை."

சொல்லிவிட்டு அவர் பொட்டுக்குள் நுழைந்து, கையில் துணிப்பையோடு, தண்டவாளத்துக் கல்லில் தடுமாறித் தடுமாறி அந்தப் பக்கம் போனார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சிக்கல் இதுதான். ரயில் கம்பெனியின் பதிவில் அந்த இடத்தில் வழி கிடையாது. அங்கே கடப்பது அத்துமீறல், குற்றம். இல்லாத வழிக்குப் பாலமும் வராது, சுரங்கமும் வராது. இங்கே நாங்கள் கடக்கிறோம் என்று ஆட்கள் பெயர் விலாசத்தோடு எழுதிக் கொடுத்தால் மட்டும் திட்டக்குழு பார்க்கும். மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு படம் பூட்டப்படும், ஒரு கோடும் மாற்ற முடியாது.

"இப்ப போறது ஆமை மாதிரிச் சரக்கு ட்ரெயின்," என்றார் அக்கா. "வரப்போறது கண்ணை மூடித் திறக்க முன்னம் போயிரும். மதில் கட்டினா இந்தச் சனம் சும்மா இரிக்குமா? எங்கயாவது ஏறிக் குதிக்கும். மறுகா நாம வந்து பிணம் பொறுக்கணும் மனே."

நான் தலையாட்டினேன். அந்தப் பொட்டு எனக்கு முன்பே தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். தேநீர் கிடைத்தது, பலகாரம் கிடைத்தது, கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை. "அக்கா, சனத்துக்கு அக்கறை இல்லை, விடுங்கோ," என்றேன் நான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த நாளும் போனார்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, முதலாவது கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டார். பிறந்தநாள் விழாக்கள் நடக்கும் இடம். சுவரில் பழைய பலூன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நானும் போயிருந்தேன், கடைசி வரிசையில் நின்றேன். அவர் முன்னே வந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

"நான் தவமணி யோகராசா. இந்த ரயில் திட்டத்தில் வேலை செய்கிறேன். கனடாவுக்கு வந்த புதிதில் இந்தக் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருந்தேன். அந்த நாட்களில் இந்தப் பொட்டால் தண்டவாளத்தைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். இப்போதும் இங்கே வரும்போது கடக்கிறேன். இது சட்டப்படி பிழை என்று எனக்குத் தெரியும். வேறு வழி இல்லாததால் கடக்கிறேன். இங்கே ஒரு வழி வேண்டும்."

அதன் கீழே எல்லாரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டார். விலாசம் எழுதினார். தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தரையும் நான் கேக்க மாட்டன். என்ட பேரை நான் குடுத்திட்டன். நீங்க யோசிச்சுச் செய்யுங்க."

அடேயப்பா! திட்டத்தில் சம்பளம் வாங்குகிற ஒருவர், திட்டத்துக்குக் கொடுக்கிற கடிதத்தில், நான் குற்றம் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அதற்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அலுவலக விதிகளைக் கரைத்துக் குடித்தவர் அவர்.

பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ராணி அன்ரி எழுந்து வந்தார்.

"பிள்ளை, பேனையைத் தாங்கோ."

பெயரைத் தமிழில் எழுதினார். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் இல்லை, எனக்குத்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் வரிசை வந்தது. மண்டபத்துக்கு வெளியே, எலிவேற்றர் வாசல்வரை வந்தது. சீருடைப் பெண்கள், தள்ளுவண்டித் தாய், புத்தகப்பைப் பிள்ளைகளின் பெற்றோர்கள் எல்லாரும் அதில் நின்றார்கள். பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய சனம், அன்றைக்குத் தங்கள் கையாலேயே ஒரு பட்டியலை எழுதியது. இந்த நகரத்தில் எத்தனையோ பெரிய கட்டடங்கள் எழும்புவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையைப் பார்த்தபோது வந்த பிரமிப்பு எனக்கு வேறெதிலும் வந்ததில்லை.

அந்த வரிசையில் நான் நிற்கவில்லை. அலுவலக ஆள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தாள்களை ஒரு பழப் பெட்டியில் போட்டு, ராணி அன்ரியும் இன்னும் இரண்டு பெண்களும் பஸ்ஸில் கொண்டுவந்து எங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். அதே வாரம் அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். இயக்குநர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: இந்த இடத்தோடு உங்களுக்கு முன் தொடர்பு ஏதும் உண்டா? நான், "இல்லை, வேலை விஷயமாக ஒருமுறை பார்க்கப் போனதோடு சரி," என்றேன்.

அது பச்சைப் பொய். அந்த இரண்டாவது கட்டடத்தின் பதினோராம் மாடியில் வளர்ந்தவன் நான். ஐந்து வருடம் அந்தப் பொட்டால் பள்ளிக்கூடம் போனேன். என் இடது புறங்கையில் இருக்கும் தழும்பு அந்தக் கம்பி கிழித்தது. என் அம்மா அதே பொட்டால்தான் வேலைக்குப் போய் எங்களை வளர்த்தார். விட்பியில் புது வீடு, சின்னக் குழந்தை, நிரந்தரமாகாத வேலை என்று ஆயிரம் காரணம் எனக்கு இருந்தது. அக்காவுக்கு ஒரு காரணமும் இல்லையா என்ன?

அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் தன் கோப்பைகளையும் ஒரு பூச்சட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, எல்லா மேசைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு போனார். என் மேசைக்கும் வந்தார். "படத்தை வடிவாக் கீறு மனே," என்றார். அழகாக வரை என்று அர்த்தம்.

படத்தை நான்தான் கீறினேன். அந்தப் பழப் பெட்டியைத் திட்டக்குழுவால் ஒதுக்க முடியவில்லை. பல மாதம் இழுத்து, கடைசியில் தண்டவாளத்துக்கு அடியால் ஒரு சுரங்க நடைபாதை போடுவதென்று முடிவாயிற்று. ரயிலுக்கு முன்பே அது திறக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. அன்று மாலை அக்காவுக்குப் போன் எடுத்தேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன்.

"அகலம் எவ்வளவு?" என்றார். "ரெண்டு தள்ளுவண்டி எதிரெதிரே வந்தா விலத்துமா? மழைத் தண்ணி எங்க போகும்? லைற் எத்தனை?"

"அக்கா, முதல்ல சந்தோசப்படுங்கோவன்!"

"சந்தோசம் மறுகா. நீ அகலத்தைச் சொல்லு."

சொன்னேன். காணாது என்றார். அதற்கும் சண்டை பிடித்து அகலத்தைக் கூட்டினார், சம்பளமும் இல்லாமல், பதவியும் இல்லாமல், ஒரு சாதாரணக் குடிமகளாகக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி. பாதை போகும் மற்ற ஊர்களிலும் அவரைக் கூப்பிட்டார்கள். விட்பியில் ஒரு கூட்டத்துக்கு நானே காரில் கூட்டிப்போனேன். யாரோ ஒரு வெள்ளைக்கார விவசாயியின் பக்கத்தில் இருந்து அவருடைய மாடுகள் எந்தப் பக்கம் மேயும் என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் போகும்போது கையைப் பிடித்து, இவ்வளவு நேரம் என்னோடு யாரும் பேசியதில்லை என்றார்.

பிறகு வருத்தம் வந்தது. வயிற்றில் புற்றுநோய். மூன்று கிழமைக்கு முன் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மெலிந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. வேலை நடக்கும் படங்களைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என் கையை எடுத்து, அந்தத் தழும்பை விரலால் தடவினார்.

"இன்னும் மாறல்ல, என்ன?"

நான் கையை இழுக்கப் பார்த்தேன், அவர் விடவில்லை.

"உன்ட அம்மாவை எனக்குத் தெரியும் மனே. ஒண்டாத்தான் அந்தப் பொட்டால வேலைக்குப் போவம். நீ பெரிய நீலப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால வருவாய். கை கிழிஞ்ச அண்டைக்கு என்ட சால்வையைத்தான் கிழிச்சுக் கட்டினது. உனக்கு ஞாபகமில்ல."

"அப்ப... வேலைக்கு வந்த முதல் நாளே என்னைத் தெரியுமோ?"

"ஓம்."

"விசாரணையில என்னைப் பற்றிக் கேக்கேல்லையோ?"

"கேட்டாங்க. அலுவலகத்துல வேற ஆரும் கடக்கிறவங்க இரிக்கிறாங்களா எண்டு கேட்டாங்க. என்ட பேரை எழுதுங்க, வேற பேர் நான் சொல்ல மாட்டன் எண்டு சொன்னன். அதுக்குத்தான் அவங்களுக்குக் கூடக் கோவம்."

நான் குனிந்து அழுதேன். "ஏன் அக்கா சொல்லேல்லை? சொல்லியிருந்தா உங்கட வேலை மிஞ்சியிருக்குமே!"

"பேரை அவங்கவங்கதான் குடுக்கணும் மனே. இன்னொருத்தர்ட பேரை நாம குடுக்கப்படாது. நம்மட சனம் பட்டது காணாதா?" சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். களைத்துப்போனார். நான் அவர் நித்திரையாகும்வரை இருந்துவிட்டு வந்தேன். கோபம் இல்லாத ஒருவரின் முன்னால் குற்றவாளியாக இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் அவரைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். தகனம் சனிக்கிழமை முடிந்தது. வந்தவர்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. மாடுகளின் சொந்தக்காரரும் வந்திருந்தார். யோகராசா அண்ணையின் கையைப் பிடித்தபோது அவர் என்னிடம், "உன்னைப் பற்றித்தான் தம்பி அடிக்கடி கதைப்பா," என்றார். நல்லதாகவோ கெட்டதாகவோ என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்குப் போனேன். தண்டவாளத்துக்கு அடியால் தோண்டி முடித்து, கொங்கிறீற் போட்டுவிட்டார்கள். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறது. திறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. ராணி அன்ரி தடித்த கோட்டோடு தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல அகலம் தம்பி," என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன். நாளைக் காலை இயக்குநரின் மேசையில் வைப்பேன். வைத்த பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மனைவியிடம் சொன்னேன், அவள் "குடுங்கோ," என்றாள். அதன் தமிழ் வடிவத்தை இங்கே தருகிறேன்.

நான் ரூபன். இந்த ரயில் திட்டத்தின் வரைபடங்களைக் கீறுகிறேன். தண்டவாளத்தை ஒட்டிய இரண்டாவது கட்டடத்தில், பதினோராம் மாடியில் வளர்ந்தேன். ஐந்து வருடம் வேலியில் இருந்த பொட்டால் கடந்து பள்ளிக்கூடம் போனேன். விசாரணையில் இல்லை என்று சொன்னேன். அது பொய்.

அக்கா, என்ர பேரை நானே குடுத்திட்டன். நீங்கள் நிம்மதியாப் போங்கோ.